சர்வர் படுத்த மறுநாள் காலை

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதி, சில இடங்களில் மட்டும் திருத்தப்பட்டது.)



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "பிசினஸ் கன்டின்யூட்டி பிளானிங்". தமிழில் தொழில் தொடர்ச்சித் திட்டம் என்று சொல்லலாம். தலைப்பைப் படித்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள், நான் பார்த்தேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெரிய கம்பெனிகளில் இந்தப் பெயரில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். ஆடிட்டர் வருகிற அன்றைக்கு மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும், மறுபடி ஏறிவிடும். அந்த ஃபைலைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

நான் 2011-இல் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவன். அன்றிலிருந்து சர்வர், நெட்வொர்க், பேக்கப் என்று இதே பிழைப்புதான். என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்டிவைரஸ் சார் நல்லது?" என்பது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "நாளைக்குக் காலையில் ஆபீஸ் வருகிறீர்கள், ஒரு கம்ப்யூட்டரும் எழுந்திருக்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் யார் என்ன செய்வார்கள்?" பெரும்பாலும் பதில் வராது. "எங்க ஐ.டி. பையன் பாத்துப்பான்" என்பார்கள். அந்தப் பையனைக் கேட்டால், "ஓனர் என்ன சொல்றாரோ அதைச் செய்வேன்" என்பான்.

இதில் முதலில் விளங்க வேண்டியது, நிற்பது எப்போதும் கம்ப்யூட்டராகத்தான் இருக்கும் என்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். 1878-இல் தொடங்கிய 'தி ஹிண்டு' நாளிதழ் டிசம்பர் 2-ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. காரணம் என்ன? மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. இயந்திரம் இருந்து என்ன பயன்? அதற்கு மூன்று வருடம் முன்னால், 2012 அக்டோபரில், சாண்டி புயலில் நியூயார்க் நகரத்தில் ஒரு கட்டடம். ஜெனரேட்டர் பத்திரமாக 17-ஆவது மாடியில். அதற்கு டீசல் ஏற்றும் பம்ப்போ பேஸ்மென்டில், தண்ணீருக்கு அடியில்! கடைசியில் அங்கே வேலை பார்த்த சாஃப்ட்வேர்காரர்கள் வரிசையாக நின்று, வாளி வாளியாக டீசலைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெனரேட்டரைக் காப்பாற்ற யோசித்தவர்கள், அது எதைக் குடித்து ஓடுகிறது என்பதை யோசிக்கவில்லை.

இனி ஒரு பெரிய கதை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் இருக்கிற எல்லாப் பாடமும் இந்த ஒன்றில் இருக்கிறது.

மேர்ஸ்க் என்று டென்மார்க் நாட்டுக் கப்பல் கம்பெனி. உலகக் கன்டெய்னர் போக்குவரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவர்கள் கையில் இருந்தது. 2017 ஜூன் 27-ஆம் தேதி உக்ரைன் நாட்டில் கணக்கு எழுதப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' என்ற வைரஸ் கிளம்பியது. பார்ப்பதற்குப் பணம் கேட்கும் வைரஸ் மாதிரி இருக்கும். ஆனால் பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது, அழிப்பதுதான் அதன் வேலை. மேர்ஸ்க் அலுவலகங்களில் ஸ்கிரீன்கள் வரிசையாகக் கறுத்துக்கொண்டே வந்தன. மும்பை பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது.

அவர்களிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. பெரும்பாலான தகவல்களுக்குப் பேக்கப் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: டொமைன் கன்ட்ரோலர். யார் நம் ஆள், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று சொல்லும் பதிவேடு அது. இது இல்லாமல் மற்ற எதையும் உள்ளே ஏற்ற முடியாது. அப்படிப்பட்ட சர்வர்கள் சுமார் 150 இருந்தன. ஒன்றில் எழுதினால் மற்ற எல்லாவற்றிலும் தானாக எழுதிக்கொள்ளும். ஒன்று போனால் 149 இருக்கிறதே என்ற தைரியம். எல்லாம் ஒரே நாளில் போகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

தேடினார்கள், தேடினார்கள். கடைசியில் ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று உயிரோடு இருந்தது. எப்படித் தப்பியது தெரியுமா? வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! பவர் கட் ஒரு கம்பெனியைக் காப்பாற்றியது என்று சொன்னால் நம் ஊரில்தான் உடனே நம்புவார்கள். சரி, அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவர வேண்டும். லைன் மிக மெதுவு, பல நாள் ஆகும். ஆளை அனுப்பலாம் என்றால் கானாவில் இருந்த யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு விமானத்தில் நைஜீரியா போய், அங்கே விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குப் பறந்தார். ரிலே ரேஸ் மாதிரி.

பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர், 2,500 மென்பொருள்கள், எல்லாவற்றையும் புதிதாக நிறுவினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று கம்பெனியே சொன்னது. ஆனால் எனக்கு வியப்பு இதில் இல்லை. அந்தப் பத்து நாளும் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்துகொண்டேதான் இருந்தன. வேலை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்று அதன் தலைவர் 2018-இல் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். மீதியைச் சொந்த மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் காகிதத்திலும் நடத்தினார்கள். எந்தச் சரக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள், அதனால் நடந்தது.

பேக்கப் என்று ஒன்றைச் சொன்னேன். அதற்கும் ஒரு கதை உண்டு, மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கிட்லேப் என்ற நிறுவனம் உங்களில் பலருக்குத் தெரியும், புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் இடம். 2017 ஜனவரி 31 இரவு அவர்கள் டேட்டாபேஸில் ஒரு கோளாறு. நெடுநேரம் வேலை பார்த்துக் களைத்துப்போன ஒரு இன்ஜினியர், துணை சர்வரில் அடிக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மை சர்வரில் அடித்துவிட்டார். ஓரிரு விநாடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிகாபைட்டில் 4.5 தான் மீதி.

பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். தினமும் எடுக்க வேண்டிய பேக்கப் காலி. மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அது ஓடவே இல்லை. ஓடவில்லை என்று மின்னஞ்சல் வர வேண்டுமே? வந்தது, ஆனால் அந்த மின்னஞ்சலை அவர்களுடைய மெயில் சர்வரே ஏற்காமல் தள்ளிவிட்டது. டிஸ்க்கை அப்படியே படம் பிடித்து வைக்கும் வசதி? டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அதை இயக்கவே இல்லை. வேறு ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல் ஒன்று தற்செயலாக இருந்தது. அதை வைத்துத்தான் பிழைத்தார்கள்.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, மீட்பு வேலையை ஒளிக்காமல் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். இரண்டாவது, அந்த இன்ஜினியரின் பெயரை அறிக்கையில் போடவில்லை. "இப்படி ஒரு கட்டளை இவ்வளவு சேதம் செய்ய முடிகிற மாதிரி ஏன் வைத்திருந்தோம்?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் என்ன நடக்கும்? முதலில் யார் தலை என்று தேடுவோம். அப்படித் தேடுகிற ஆபீஸில் அடுத்த முறை தப்பு நடந்தால், தெரிந்தவன் வாயைத் திறக்க மாட்டான்.

அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. தென்கொரியாவில் 2022 அக்டோபரில் ஒரு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து, அந்த நாடே பயன்படுத்தும் ககாவோடாக் நின்றது. பெரிய விவாதம் நடந்தது. மூன்று வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி, டேஜான் நகரில் அரசாங்கத்தின் சொந்த டேட்டா சென்டரிலேயே பேட்டரி தீ. 709 அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமித்த 858 டெராபைட் கிடங்கு எரிந்துபோனது. அதற்கு வெளியே நகல் இல்லை. அளவு பெரிது, அதனால் நகல் எடுக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம்.

பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு சுருக்கெழுத்து வரும், ஆர்.டி.ஓ., ஆர்.பி.ஓ. என்று. ஆர்.டி.ஓ. என்றால் லைசென்ஸ் எடுக்கப் போகிற ஆபீஸ் இல்லை! எவ்வளவு நேரத்துக்குள் மறுபடி எழுந்து நிற்க வேண்டும் என்ற கெடு அது. ஆர்.பி.ஓ. என்பது எவ்வளவு நேரத்து வேலை தொலைந்தால் தாங்குவோம் என்பது. ஒரு மளிகைக்கடைக்கு ஒரு நாள் கணக்கு தொலைந்தால் பில் புக்கைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஒரு வங்கிக்கு ஐந்து நிமிஷம் தொலைந்தால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும். இந்த இரண்டு எண்ணையும் தீர்மானிக்க வேண்டியவர் முதலாளி, ஐ.டி. பையன் இல்லை. குறைந்த நேரத்துக்கு அதிகச் செலவு, அவ்வளவுதான் கணக்கு.

இப்போது நானே நேரில் பார்த்த ஒன்று. கொங்கு நாட்டில் ஒரு பம்ப் செட் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லா ஃபைலின் பெயரும் மாறிக் கிடந்தது, பணம் கேட்டு ஒரு கடிதம். டாலி கணக்கு, டிராயிங், எல்லாம் பூட்டிக்கொண்டன. தினமும் பேக்கப் எடுத்திருந்தார்கள். ஆனால் பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கை சர்வரின் முதுகிலேயே நிரந்தரமாகச் சொருகி வைத்திருந்தார்கள். அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. நான் போனபோது முதலாளி டிஸ்க்கைப் பற்றிப் பேசவே இல்லை. "நாளைக்குச் சனிக்கிழமை தம்பி, 140 பேருக்குக் கூலி கொடுக்கணும், யாருக்கு எவ்வளவுன்னே தெரியாதே" என்றார். பணம் பேங்கில் இருக்கிறது, கணக்கு இல்லை. கூலி இல்லையென்றால் திங்கட்கிழமை ஆள் வருமா?

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மாதான் வழி சொன்னார்: "போன வாரம் கையெழுத்து வாங்கின கூலிப் பட்டியல் காகிதத்துல இருக்குங்க. அதே தொகையை இந்த வாரமும் கொடுத்துடலாம். கூடக்குறைச்சல அடுத்த வாரம் நேர் பண்ணிக்கலாம்." ஐந்து நிமிஷத்தில் பிரச்சினை முடிந்தது. வருகைப் பதிவும் தொலையவில்லை, கைரேகை வைக்கும் மெஷினுக்குள்ளேயே அதன் நகல் இருந்தது. வரவேண்டிய பாக்கியை ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்த இன்வாய்ஸ்களிலிருந்தும், பேங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்தும், நடப்பு மாதத்துக்கு டெலிவரி சலான் கார்பன் காப்பியிலிருந்தும் மூன்று வாரத்தில் திரும்ப எழுதினோம். டிராயிங் பாதி போனது போனதுதான். பணம் கொடுக்கவில்லை.

அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியம்தான் தொழில் தொடர்ச்சித் திட்டம். அதை வெள்ளிக்கிழமை பதற்றத்தில் கண்டுபிடிக்காமல் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அந்த முதலாளி அன்று காலைச் சாப்பாடாவது சாப்பிட்டிருப்பார்.

தகவல் திருட்டு என்பது வேறு ஜாதி. சர்வர் படுத்தால் எல்லாருக்கும் தெரியும். திருட்டு சத்தம் போடாது. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியில் ஒரு வெள்ளிக்கிழமை பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர்தானே, எப்போதும் செய்கிற மக்கர் என்று விட்டுவிட்டார்கள். பணப் பரிமாற்றங்களை அச்சடிக்கும் பிரிண்டர் அது. முந்தைய இரவே உள்ளே புகுந்தவர்கள் நியூயார்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து பணத்தை அனுப்ப உத்தரவு கொடுத்திருந்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி மட்டும், 'பவுண்டேஷன்' என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததால் ஒரு வங்கிக்குச் சந்தேகம் வந்து, திரும்பி வந்தது. அங்கே வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. 2018-இல் புனே நகரின் காஸ்மாஸ் வங்கியில் 94 கோடி ரூபாய் போனபோதும் தொடக்கம் ஒரு சனிக்கிழமைதான். திருடன் நம் காலண்டரைப் பார்த்துத்தான் வருகிறான். ஆகவே அவசர போன் பட்டியலில் ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார் என்பதும் இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று தெரிந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் ஃபார்மட் அடிப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், மெஷினை அப்படியே விடுங்கள். மெமரியில் தடயம் இருக்கும், ஆஃப் செய்தால் போய்விடும். ஸ்கிரீனைப் போனில் படம் எடுங்கள். பேக்கப் டிஸ்க்கைச் சந்தேகப்பட்ட மெஷினில் சொருகிப் பார்க்காதீர்கள். பணம் திருட்டு என்றால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் இன்னொரு கணக்குக்கு ஓடும். செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி இத்தகைய சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக் பதிவுகள் கையில் இருக்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவற்றின்படி பாதிக்கப்பட்ட மக்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும். இந்தக் கடமைகளுக்குத் தயாராக 18 மாத அவகாசம் வைத்திருக்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் கடிதம் எழுத வேண்டுமென்றால், யார் எழுதுவது என்பதையாவது இன்றே முடிவு செய்ய வேண்டாமா?

சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனியைக் காட்டுவேன். அலுமினியம் தயாரிப்பவர்கள், 35,000 ஊழியர்கள். 2019 மார்ச் 19-ஆம் தேதி இதே மாதிரி பூட்டுப் போடும் வைரஸ். 22,000 கம்ப்யூட்டர்கள் பாதிப்பு. அலுவலக வாசலில் "கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள்" என்று காகிதத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பணம் தர மாட்டோம் என்று அறிவித்தார்கள், என்ன நடக்கிறது என்று பத்திரிகைகளிடம் தொடர்ந்து சொன்னார்கள். கையால் இயக்கி உற்பத்தி நடத்த, பழைய முறை தெரிந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சிலர் தாமாகத் திரும்பி வந்து கைகொடுத்தார்கள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற அண்ணன்கள் சிரிக்கிறீர்கள். உண்மையாகவே சொல்கிறேன், உங்கள் போன் நம்பர் உங்கள் பழைய ஆபீஸில் இன்னும் யாரிடமாவது இருக்கிறதா?

நம்பர் என்றதும் இன்னொன்று. அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் வைக்காதீர்கள். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. அதைச் சரிசெய்ய வேண்டிய அவர்களுடைய உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் நின்றன. அதேபோல 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. தவறைத் திருத்திய அப்டேட் 78 நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆனால் படுத்த மெஷினுக்கு அது எப்படிப் போகும்? ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்ததால் விமானம் ஏறினோம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், "பேக்கப் எடுக்கிறோமா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். "கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம்?" என்று கேளுங்கள். சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை.

நம் கல்லூரியிலேயே தொடங்கலாம் என்று முதல்வர் அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார். வருகிற பருவத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பிரிவிலிருந்து நாலைந்து பேர் வருகிறோம். துறை ஆய்வக சர்வரின் கேபிளைக் காலை ஒன்பது மணிக்குப் பிடுங்குவோம். பேக்கப்பை வேறொரு காலி மெஷினில் ஏற்றி, போன பருவத்தின் ஆய்வகப் பதிவேடு முழுசாக எழுந்து வருகிறதா என்று மாணவர்களே பார்க்க வேண்டும், நாங்கள் கை வைக்க மாட்டோம். எத்தனை மணி ஆகிறது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே வருவோம். மாலை ஆனாலும் வரவில்லையென்றால் அதையும் எழுதிவிட்டுத்தான் போவோம். டீ, வடைச் செலவு எங்கள் பிரிவுக் கணக்கு. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் வாசல் மேஜையில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம்.